சாய்ந்த வீட்டில் சலங்கைச் சத்தம்

2019 செப்டம்பர் 11, புதன்கிழமை காலை. இங்கிலாந்தில் ஹார்ன்பிரி ஊரின் சந்தைத் தெருவில், ஒரு பழைய மரச்சட்ட வீட்டின் சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடிப் பட்டை இரண்டாக உடைந்திருந்தது.

அதை முதலில் பார்த்தவள் ஹெட்டி. வயது பத்து. அந்த வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவள் அப்பா கிளைவின் மீன் வறுவல் கடை இருந்தது.

"அப்பா, இங்க வாங்களேன்!"

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அப்பா வந்து பார்த்தார்.

"போச்சு! கடையை மூட வேண்டியதுதான்."

வீட்டுக்கு நானூறு வயது. மாடி தெருவை எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்திருக்கும். மே மாதத்தில், மாடியைத் தாங்கும் உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரிசல் தெரிந்தது. கட்டட ஆய்வாளர் பிராம்லி வந்து, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை ஒட்டினார்.

"சுவர் நகர்ந்தா இது உடையும். உடைஞ்சா உடனே சொல்லணும். கடையை மூடிட்டு முட்டுக் கொடுப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடை முழுவதும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது உடைந்துவிட்டது.

"சொல்லாம விட்டுட்டா என்ன?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"வீடு நம்ம தலையில விழுந்தா?"

அப்பா பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தார்.

பிராம்லி வந்தார். நல்ல பருமன். அன்று லேசாக நொண்டினார்.

"வருத்தமா இருக்கு, கிளைவ். வெள்ளிக்கிழமைன்னா ஊரே மீன்தான் சாப்பிடும். அது இல்லேன்னா எல்லாரும் என்னை அடிக்க வருவாங்க. ஆனா உடைஞ்சது உடைஞ்சதுதானே?"

அதற்குள் ஹெட்டி முக்காலியில் ஏறியிருந்தாள். மீன் கட்டும் தாளின் ஓரத்தைக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே செருகிப் பார்த்தாள்.

"சார், சுவர் நகர்ந்திருந்தா ரெண்டு துண்டும் விலகியிருக்கணும், இல்ல?"

"ஆமா."

"விலகலையே! பேப்பர்கூட நுழைய மாட்டேங்குது."

பிராம்லி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். விரிசலை அளந்தார். மே மாதம் இருந்த அகலமேதான்.

"அட! அப்போ எது உடைச்சுது?"

ஹெட்டி விட்டத்தைப் பார்த்தாள். மேலே ஒரு பெரிய கூடம். மோரிஸ் என்ற நாட்டுப்புற ஆட்டம் ஆடும் ஊர்க்காரர்கள் கோடையெல்லாம் சந்தைத் திடலில் ஆடுவார்கள். குளிர் தொடங்கினால் அந்தக் கூடத்தில் பயிற்சி. காலில் சலங்கை, கையில் கைக்குட்டை, எல்லோரும் சேர்ந்து ஒரே குதி.

"நேத்து ராத்திரிதானே மாடியில முதல் பயிற்சி? நீங்களும் ஆடினீங்களா, சார்?"

பிராம்லியின் காது சிவந்தது. "ஆ... ஆமா. புதுக் குதி ஒண்ணு பழகினோம்."

"யாரு ரொம்ப உயரமாக் குதிச்சது?"

"நான்தான். கால்கூட சுளுக்கிக்கிச்சு."

"சட்டியில எண்ணெய் ஆடுச்சு! நான் லாரி போகுதுன்னுல்ல நெனச்சேன்!" என்றார் அப்பா.

"என் குதியால உடைஞ்சுதுங்கிறது ஊகம்தான், கிளைவ். சோதிச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் கடை மூடித்தான் இருக்கணும்."

அவர் புதுக் கண்ணாடியை ஒட்டினார். பசை நன்றாக இறுகுவதற்கு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. அன்று மாலை அவர் சலங்கை கட்டிக்கொண்டு மாடி ஏறினார். ஹெட்டியும் அப்பாவும் தெருவில் நின்றபடி வாசல் வழியாகப் பார்த்தார்கள்.

ஜல் ஜல் ஜல்... தொம்!

டிக்.

"உடைஞ்சிடுச்சு! உடைஞ்சிடுச்சு!" ஹெட்டி கைதட்டிக் குதித்தாள்.

தபால்காரப் பெண் நின்று பார்த்தார். "கண்ணாடி உடைஞ்சதுக்கா இந்தக் கும்மாளம்?"

பிராம்லி மூச்சு வாங்க இறங்கி வந்து மறுபடியும் அளந்தார். விரிசல் ஒரு மயிரிழைகூட அகலவில்லை.

"வீடு நகரலை, கிளைவ். உத்தரம்தான் அதிர்ந்திருக்கு. அதுவும் என்னால! அடுப்பைப் பத்த வை."

அப்பா ஹெட்டியை அப்படியே தூக்கிச் சுற்றினார். பிறகு ஓடிப்போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

வரிசையில் முதல் ஆளாக நின்றவர் பிராம்லி. சலங்கையை இன்னும் கழற்றவில்லை.

"ஒரு பெரிய மீன், நிறைய வினிகர். இந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு, என் கணக்கில."

"சார், இனிமே எங்க ஆடுவீங்க?" என்று கேட்டாள் ஹெட்டி.

"தேவாலயக் கூடத்துல. அங்க கல்தரை."

பிராம்லி அன்றே மூன்றாவது கண்ணாடியை ஒட்டினார். கிறிஸ்துமஸ் வந்தபோதும் அது உடையாமல் இருந்தது.