சிலேட்டில் விழுந்த சொட்டு

சந்திரா குனிந்து கணக்குப் போட்டாள். மூக்கிலிருந்து ஒரு சொட்டு நீர் சிலேட்டில் விழுந்து, அவள் எழுதிய ஏழு என்ற எண்ணை அழித்துவிட்டது.

"மறுபடியும் அழுறியா?" என்றார் துளசிங்கம் வாத்தியார்.

"அழலீங்க சார். ஒழுகுதுங்க."

அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உட்கார்ந்தால் தலை வலிக்கும், படுத்தால்தான் குறையும். அதனால் திருத்தணியில் பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். மீதிப் பேர் வைத்தியம் சொன்னார்கள்.

"கிருத்திகைக்குக் குளத்துல முழுகினே இல்ல? அந்தத் தண்ணி தலைக்கு ஏறிகினு இருக்குது. நல்லா குனி, வந்துடும்" என்றாள் அம்மா தாயம்மாள்.

சந்திராவும் குனிந்து குனிந்து பார்த்தாள். தண்ணீர் தீரவில்லை, தலைவலிதான் கூடியது.

தம்பி வேணுவுக்கும் அப்போது சளி. ஒரே பழம்புடவையில் கிழித்த துணிதான் இருவருக்கும் மூக்குத் துடைக்க. படுத்தபடியே சந்திரா இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துபோன வேணுவின் துணி கஞ்சி போட்டதுபோல விறைத்திருந்தது. அவளுடையது காய்ந்தும் மெத்தென்று இருந்தது. மறுநாளும் அப்படியே.

அப்பா எல்லப்பன் வந்ததும் இரண்டையும் நீட்டினாள்.

"நைனா, எனக்குச் சளி இல்ல. சளின்னா வேணுவுது மாதிரி விறைக்கணும். குளத்துத் தண்ணின்னா இந்நேரம் தீர்ந்திருக்கணும். பட்டணத்து டாக்டர்கிட்ட கூட்டிகினு போ நைனா. என்னால முடியல."

எல்லப்பன் துணிகளைத் தடவிக்கொண்டே நின்றார். "ஆங்... காலையில ரயிலுக்குப் போலாம்" என்றார்.

பட்டணத்து டாக்டர் அவளைக் குனியச் சொல்லி, சொட்டும் நீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தார்.

"மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணிம்மா இது. மூக்குக்கு மேல எலும்புல சின்ன ஓட்டை. விட்டுட்டா மூளைக்கே ஜுரம் வந்து உயிருக்கு ஆபத்து. தொடையிலேர்ந்து கொஞ்சம் சவ்வு எடுத்து ஒட்டுப் போடணும். முடியை மட்டும் பூரா எடுக்கணும்."

தாயம்மாள் விசும்பினாள். சந்திராவுக்கும் பயம்தான்.

"அழாதம்மா. திருத்தணிக்காரிக்கு மொட்டை புதுசா?" என்றாள் அம்மாவிடம்.

டாக்டரே சிரித்துவிட்டார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து, அசையாமல் படுத்தே கிடந்தாள். கூரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனது. ஆனால் ஒருநாள் எழுந்து உட்கார்ந்தபோது தலை வலிக்கவில்லை.

மறுபடி பள்ளிக்கூடம் போனதும், "மலைக்கு வேண்டுதலா?" என்று மொட்டையைப் பார்த்து எல்லாரும் கேட்டார்கள்.

சந்திரா சிலேட்டை எடுத்து ஏழு எழுதினாள். நன்றாகக் குனிந்து காத்திருந்தாள். வாத்தியாரும் எட்டிப் பார்த்தார்.

ஏழு, ஏழாகவே இருந்தது.