பொட்டை அடைத்தவன்!

"கொலை விழப்போகுது அம்மா!... கொலை!"

மன்றின் நடுவே நின்று அலறினார் சோமசேகரம்.

ஒருவரும் அசையவில்லை. வாசலில் நின்ற பொலிஸ்காரர் கொட்டாவி விட்டார்!

நீதிபதி நிவேதனா பேனாவை எடுத்தாள். கொழும்பிலிருந்து கொடிகாமம் பக்கம் மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படியொரு தலையிடி!

பதிவாளர் கதிரவேலு குனிந்து கிசுகிசுத்தார்.

"உந்தாள் சட்டத்தரணியே வைக்கிறேல்லை அம்மா. தானே எழுதி, தானே வழக்காடும். பக்கத்து வளவுக் கமலாவதியின்ரை சேவல் விடிய முந்திக் கூவுதெண்டு வழக்கு. அவவின்ரை பிலாச் சருகு தன்ரை வளவுக்கை விழுகுதெண்டு வழக்கு... எல்லாம் தள்ளுபடி!"

"இனிமே மன்றோட அனுமதி இல்லாம இவர் வழக்கே போட முடியாது. கட்டளை டைப் பண்ணியாச்சா?"

"ஓம் அம்மா. கையெழுத்து வைச்சால் சரி."

பேனா தாளைத் தொட்டது...

"அம்மா! கமலாவதி தனிச்ச மனிசி. பெறாமகன் றஞ்சித், அக்காவின்ரை பொடியன், வந்து நிக்கிறான். வந்த கையோடை பொட்டை அடைச்சுப்போட்டான்! அந்த நாளிலை இருந்து மனிசியைக் காணேல்லை!"

"பொட்டையா?"

"ஓம்! நெடுகப் பாவிச்ச பொட்டு! நானும் பாவிச்சனான்!"

நிவேதனாவின் கை தன் நெற்றிக்குப் போனது.

"நீங்க... அந்தம்மாவோட பொட்டை?"

"என்ரை ஆடும் பாவிக்கும் அம்மா!"

மன்று கொல்லென்று சிரித்தது. சரிதான், முற்றிப்போன கேஸ் என்று நினைத்தாள் நிவேதனா.

கதிரவேலு மட்டும் சிரிக்கவில்லை.

"பொறுங்கோ அம்மா! இங்கை பொட்டெண்டால் வேலியிலை விடுற ஓட்டை. அயலட்டை அதுக்குள்ளாலைதான் போய்வாறது. என்ன சண்டையெண்டாலும் பொட்டை மட்டும் ஒருத்தரும் அடைக்க மாட்டினம்!"

நிவேதனாவுக்குச் சுருக்கென்றது.

"பொலிசுக்குப் போனீங்களா?"

"போனன். 'இந்தமுறை சேவலோ, பிலாவோ?' எண்டு சிரிக்கிறாங்கள்! அவவின்ரை அறைக்குள்ளை ஆரோ தட்டுற சத்தம் கேக்குது அம்மா!"

பொலிஸ்காரரின் கொட்டாவி பாதியில் நின்றது.

"உடனே போங்க! கதவை உடைச்சாவது பாருங்க!"

மத்தியானத்துக்குள் ஃபோன் அலறியது.

கமலாவதி உயிரோடு இருந்தாள்! காணியை விற்கச் சம்மதிக்கவில்லை என்று, சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டி வைத்திருந்தான் றஞ்சித். இப்போது அவன் கையில் விலங்கு.

கையெழுத்து மட்டும் போட்டிருந்தால்?... நிவேதனா கட்டளைத் தாளை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

மறுநாள் சோமசேகரத்தை அழைத்தாள்.

"அவங்க மேல இத்தனை வழக்குப் போட்டீங்க. பிறகு ஏன் காப்பாத்தினீங்க?"

சோமசேகரம் மூக்கை உறிஞ்சினார்.

"அவ செத்துப்போனால் நான் ஆரோடை அம்மா வழக்காடுறது?"

நிவேதனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டளைத் தாளை எடுத்தாள். கிழிக்கப் போனாள்...

படீர்!

கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் கமலாவதி. ஆஸ்பத்திரி பிளாஸ்டர் இன்னும் கையில்!

"எனக்குச் சட்டத்தரணி, அப்புக்காத்து ஒருத்தரும் வேண்டாம். நானே கதைப்பன்! உந்தாள் என்ரை அறை யன்னலடியிலை நிண்டு ஒட்டுக் கேட்டிருக்கு! வழக்குப் பதியுங்கோ அம்மா!"

கிழிக்கப் போன கை அப்படியே நின்றது.

"பதிவாளர்..."

"அம்மா?"

"இதுல இன்னொரு காப்பி எடுங்க. பேரை மட்டும் மாத்திடுங்க!"