ஏனறிவிக்கு முன்னால் வரிசை

நிலாக் குடியிருப்பின் ஆஸ்பத்திரியில் இரண்டு அறைகள் எதிரெதிரே இருந்தன. ஒன்றில் சிறுதோணி. அரிசிமணி அளவே உள்ள கருவி. கருவிலிருக்கும் பிள்ளைக்குள் போய், அடைபட்ட சிறுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு வந்துவிடும். அந்த அறையில் ஈ காக்கை கிடையாது. நிலாவில் எங்குமே கிடையாது என்பது வேறு விஷயம். எதிர் அறையில் ஏனறிவி. உடம்பின் அணுக்களையும் வீட்டின் நடமாட்டத்தையும் படித்து, எந்தக் குறைக்கும் காரணம் சொல்லும். அங்கே வரிசை கட்டடத்தைச் சுற்றிப் போனது.

வரிசையில் வடிவு நின்றாள். ஆறு மாதக் கர்ப்பம். வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு பக்கக் குழாய் உருவாகும்போதே அடைத்து, சிறுநீரகம் வீங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கே திறந்துடலாம்," என்றார் டாக்டர் எஸ்தர். "தள்ளிப்போட்டா அந்தக் கிட்னி போயிடும்."

"நான் செஞ்ச தப்பா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு வாரேன் டாக்டர்."

"என்னத்தத் தெரியணும்? கிரகணத்தன்னைக்கு வெளிய போவாதட்டின்னு எத்தன தடவ சொன்னேன்!" என்றாள் மாமியார் கோமதியம்மாள். திருநெல்வேலிப் பஞ்சாங்கம் நிலாவுக்கும் செல்லும் என்பது அவள் கட்சி. அன்று பூமியில் சூரிய கிரகணம். வடிவு கண்ணாடி மாடத்தில் நின்று, பூமியின் மேல் ஒரு கறுப்புப் பொட்டு ஊர்வதைப் பார்த்திருந்தாள். சூரியனை மறைத்த குற்றவாளி, அவர்கள் குடியிருந்த நிலாதான்.

ஏனறிவி வடிவின் ரத்தம் வாங்கி, சாவகாசமாக ஒரு வாரம் யோசித்துச் சொன்னது: "காரணம் நீங்கள் இல்லை. யாரும் இல்லை. கரு வளர்கையில் சில சமயம் இப்படி ஆகிவிடும்."

வடிவு தோணி அறைக்குத் திரும்பினாள். கணவன் உலகநாதன் கையைப் பிடித்தான்.

"கொஞ்சம் பொறு புள்ள. மாடத்துக்குக் கூட்டிட்டுப் போனது நாந்தான? நானும் கேட்டுருதேன்."

இன்னொரு வாரம். அதே பதில்.

பிறகு கோமதியம்மாளைக் காணவில்லை. மாமியார் பக்கத்தில் இல்லாமல் மருமகளைப் படுக்கவைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை; தேடினார்கள். வரிசையின் வாலில் முக்காடு போட்டு நின்றிருந்தாள். அவள் முறை வந்ததும், இயந்திரத்துக்குக் காது எங்கே இருக்கும் என்று தெரியாமல், பக்கவாட்டில் குனிந்தாள்.

"ஏப்பா, அவளுக்குத் தெரியாம பால்ல கலந்து குடுத்தேனே, அந்த லேகியமா இருக்குமோ? மெதுவாச் சொல்லு."

அதுவும் யோசித்து, மெதுவாகவே சொன்னது: "லேகியம் இல்லை. யாரும் இல்லை."

மூவரும் லேசான மனதோடு எதிர் அறைக்குப் போனார்கள். தோணி போய்க் குழாயைத் திறந்தது. அதற்குள் சிறுநீரகம் வாடியிருந்தது.

"இன்னொண்ணு நல்லா இருக்கு. அத வச்சே பிள்ளை வாழ்ந்திடும்," என்றார் எஸ்தர், யார் முகத்தையும் பார்க்காமல்.

மூவரும் மறுபடி போய் வரிசையில் நின்றார்கள். "இது ஏன் போச்சு?" என்று இந்தத் தடவை சேர்ந்தே கேட்டார்கள்.

ரத்தம் வேண்டாம் என்றது ஏனறிவி. யோசிக்கவும் இல்லை. மூன்று பெயர்களைச் சொன்னது.