மூன்றாவது பெட்டி

"பெட்டியைப் பிரி!"

டாக்டர் போட்ட சத்தத்தில் ஆபரேஷன் தியேட்டரே அதிர்ந்தது!

நர்ஸ் பிரிக்கவில்லை.

மேஜையில் நோயாளி. முகத்தை மூடிய பச்சைத் துணியில் ஒரே ஓட்டை. அதில் ஒரே கண். கண்ணை மட்டும்தான் மரத்துப்போக வைத்திருந்தார்கள். ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தார். புரையை எடுத்தாயிற்று. லென்ஸ் வைப்பதுதான் பாக்கி.

"பெட்டியில லென்ஸ் பவர் பதினெட்டுன்னு இருக்கு டாக்டர். ஃபைல்ல இருபத்திரண்டு. இதை வச்சா இவருக்கு எல்லாமே மங்கலாத்தான் தெரியும்."

"ஃபைல் மாறியிருக்கும். பெட்டிய அடுக்கினது யாரு?"

"நான்தான், நேத்து லிஸ்ட் வரிசைப்படி. ஆனா இன்னிக்குக் காலைல..."

"மூணாவது ஆளுக்கு மூணாவது பெட்டி! பதினஞ்சு வருஷமா இப்படித்தான். ஒவ்வொரு ஃபைலாப் படிச்சுக்கிட்டிருந்தா ஒரு நாளைக்கு முப்பது கண்ணு எப்படி முடிக்கிறது?"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"வாயை மூடு!"

நர்ஸ் பதறிப்போய் நோயாளியைப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அறைய வேண்டும் போலிருந்தது!

"அந்தாளை ஏன் பாக்கறே? மூணாவது ஆளு சுத்தச் செவிடு. காதுகிட்ட வெடி வச்சாலும் கேக்காது. உனக்குத்தான் நல்லாக் கேக்குதில்ல? போன மாசம் அந்த டெய்லருக்குத் தப்பான லென்ஸ் வச்சது நான். ஃபைல்ல நம்பரை அழிச்சு எழுதினதும் நான். பழி யார் தலையில விழுந்துச்சு? உனக்கு முன்னாடி இங்க இருந்தவ தலையில! வேலை போச்சு. கோர்ட்டுக்கு அலையறா. உனக்கும் அதே கதி வேணுமா?"

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அவள் பெட்டியை விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது...

பச்சைத் துணி பேசியது!

"செவிட்டுப் பெரியவருக்குக் காலைல பிரஷர் ஏறிடுச்சு, டாக்டர். அவரைக் கடைசிக்குத் தள்ளிட்டாங்க. நான் நாலாவது ஆளு."

டாக்டர் பச்சைத் துணியை நோக்கிக் குனிந்தார்.

"நீ... நீங்க..?"

"ஃபைலோட முதல் பக்கத்துலயே போட்டிருக்கே, படிக்கலையா? குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர்."

நர்ஸ் பாய்ந்துபோய் நாலாவது பெட்டியை எடுத்தாள். ஃபைலோடு ஒத்துப் பார்த்தாள். "இருபத்திரண்டு!" என்று உரக்கப் படித்தாள்.

டாக்டரின் விரல்கள் தந்தியடித்தன.

"கை நடுங்காம வைங்க டாக்டர். விலங்கு மாட்டறப்ப உங்க மணிக்கட்டு எனக்குப் பளிச்சுன்னு தெரியணும்!"