பச்சை அட்டை

அன்று விடியலில் எதிர்வீட்டு டீச்சரின் கதவு கிறீச்சிடவில்லை. ஆனாலும் அட்டை பச்சைக்குத் திரும்பியிருந்தது.

முதியோருக்கான அந்தப் பெரிய குடியிருப்பில் அதுதான் ஏற்பாடு. படுக்கப்போகும்போது வெளிக்கதவில் தொங்கும் அட்டையைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும், எழுந்ததும் பச்சைக்கு. காலையில் நர்ஸ் வரும்போது சிவப்பாகவே இருந்தால் பூட்டை உடைத்தாவது உள்ளே வந்துவிடுவார்கள். ரயிலில் கார்டாக இருந்து பச்சைக் கொடி காட்டியே தலை நரைத்த பெரியவருக்கு இது பிடித்துப்போய்விட்டது. தனியாகச் செத்துக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது. விளம்பரப் படத்தில் கிழவர்களும் கிழவிகளும் நீச்சல் குளத்தைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்து பார்த்தால் குளத்தில் தண்ணீர் இருந்தது, ஆளைத்தான் காணோம். பேச்சுத்துணை என்று வாய்த்தது டீச்சர் ஒருவர்தான்.

அவரையும் சில நாட்களாகக் காணவில்லை. மாத்திரை வண்டி தள்ளிக்கொண்டு வந்த நர்ஸிடம் பெரியவர் சொன்னார்.

"பச்சையா இருக்கே சார். காலைல வெளியதான் நின்னாங்க, குட் மார்னிங்கூட சொன்னேனே."

"கதவு சத்தமே கேக்கலம்மா."

"எண்ணெய் போட்டிருப்பாங்க."

மகள் போனில் சிரித்தாள். "ரிட்டயர் ஆகியும் டூட்டி பாக்கறீங்களாப்பா? பேசாம தூங்குங்க."

தூக்கம் எங்கே வந்தது? புரண்டு புரண்டு படுத்துவிட்டு, இருள் பிரியும் முன்பே எழுந்து கதவு லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் கண்ணாடி கீறிய பழைய டூட்டி வாட்ச் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருக்க, பினாயில் நெடிக்கு அடியிலிருந்து நாள்பட்ட பூச்சாடித் தண்ணீர் மாதிரி ஒரு வாடை கசிந்து வர, தாழ்வாரத்தில் யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் ஓசை நெருங்கியது.

டீச்சர்தான். தன் அட்டையைப் பச்சைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கிறுக்குக் கிழவா என்று தன்னையே திட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். தாழ்வாரத்தில் யாருமில்லை.

"டீச்சர்?"

எதிர்க்கதவைத் தள்ளினார். கிறீச். எண்ணெய் போடவில்லை.

டீச்சர் நாற்காலியில் இருந்தார். மூக்குக்கண்ணாடி வழுக்கி உதட்டில் நின்றது. கால் விரல்களில் எறும்பு. நேற்று, முந்தாநாள் போனவர் இல்லை.

பெரியவருக்கு நெஞ்சை யாரோ பிடித்துப் பிசைந்தது போலிருந்தது. விழுந்தார். பின்னால் கதவு தானாகச் சாய்ந்து, கழன்று கிடந்த அவர் செருப்பில் இடித்து நின்றது. அந்த இடுக்கு வழியே எதிரே அவருடைய கதவு தெரிந்தது. அவசரத்தில் அட்டையைத் திருப்பாமலே வந்திருந்தார்.

சிவப்பு. நல்ல வேளை.

தாழ்வாரத்துக் கோடியில் மாத்திரை வண்டியின் சக்கரம் கீச்சிட்டது. வருகிறாள். சிவப்பைப் பார்ப்பாள். ஆட்களைக் கூப்பிடுவாள். கத்திப் பார்த்தார். காற்றுதான் வந்தது. பிறகு அதுவும் இல்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை, மணிக்கட்டில் டிக் டிக் ஓசையும் கேட்கவில்லை.

செருப்புத் தேயும் ஓசை.

இடுக்கில் ஒரு முதுகு. அவருடைய சட்டை. அட்டையை நோக்கி ஒரு கை நீண்டது. அதில் கண்ணாடி கீறிய வாட்ச்.

திருப்பியது.

பச்சை.

"குட் மார்னிங் சார்," என்றபடி நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.