அமைச்சருக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

பனி பெய்த வியாழக்கிழமை மாலை, தெஹ்ரானின் வடகோடியிலிருந்த பழைய வீட்டுக்கு நய்யெரே வந்து சேர்ந்தாள். அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகவேண்டும். காலையில் வீட்டை இடிக்க ஆட்கள் வருகிறார்கள்.

கணப்பு அணைந்து கிடந்தது. ஆனாலும் கூடத்தில் வெக்கை. காய்ச்சல்காரரின் போர்வையிலிருந்து எழும் வியர்வை வாடை.

“நான் வரலடி,” என்றாள் அம்மா தூரான். “உன் வீட்டுத் தேநீர் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும்.”

“தேநீரா காரணம்? உண்மையச் சொல்லும்மா.”

தூரான் வாசலைப் பார்த்தாள். குரல் தணிந்தது.

“அவர் வந்தா வீட்ல யாரு இருப்பா?”

எண்ணெய் வயல்களை அந்நியரிடமிருந்து மீட்ட அமைச்சர் கமால் பர்தோவி, சில வருடங்களுக்கு முன் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது, தூரானின் இந்த வீட்டில்தான் ஒளிந்திருந்தார். காய்ச்சலில் கிடந்தவரைச் சிப்பாய்கள் வெறுங்காலோடு இழுத்துப் போனார்கள். புறப்படுகிறவர் நல்லபடி திரும்பட்டும் என்று அவர் பின்னால் தண்ணீர் ஊற்றுவது அந்த நாட்டு வழக்கம். தூரானும் ஒரு கிண்ணம் ஊற்றினாள்.

அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

“அப்புறமும் வந்துட்டாரு,” என்றாள் தூரான். “தண்ணி ஊத்தி நான்தானே கூப்பிட்டேன்? இந்த வீடும் போயிட்டா, பனியில எங்கடி நிப்பாரு?”

“மெதுவாப் பேசும்மா. அவர் பேரைச் சொன்னா இப்பவும் புடிச்சிட்டுப் போவாங்க.”

கதவு தட்டப்பட்டது.

மெல்ல. தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்பதுபோல.

நய்யெரே திறந்தாள். யாருமில்லை.

பனியில் வெறும் பாதத் தடங்கள் வாசலை நோக்கி வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

ஒவ்வொரு தடத்திலிருந்தும் ஆவி எழுந்தது.

வெக்கை அவளைக் கடந்து உள்ளே போனது. நாற்காலியருகே ஓர் இருமல்.

ஓடிவிடத் தோன்றியது. இறைவன் பெயரைச் சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி அந்த இருமல். பயமுறுத்த வந்தவரின் சத்தமில்லை அது. மருந்தும் படுக்கையும் கிடைக்காத ஒரு நோயாளியின் சத்தம்.

“ஐயா,” என்றாள். “நாளைக்கு இந்த வீடு இருக்காது. எங்க வீடு சின்னதுதான். நீங்களும் வாங்க.”

இருமல் நின்றது.

தூரான் எழுந்து தன் மேலங்கியைத் தேடினாள்.

மறுநாள் காலை, மகள் வீட்டில் தூரான் குழந்தைபோல உறங்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு பர்வானே கதவைத் தட்டினாள். கையில் கனத்த காய்கறிப் பை.

“உங்க விருந்தாளி இதை மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்தாரு. வேண்டாம்னு சொன்னாலும் கேக்கல. என் வீட்டுக்காரரும் இருக்காரே, தன் தொப்பியத் தூக்கவே ஆள் தேடுவாரு!”

சிரித்தபடி பையைக் கீழே வைத்தாள்.

பையின் பிடியில் நான்கு விரல்களின் தடம் கருகிப் படிந்திருந்தது. இன்னும் லேசாகப் புகைந்தது.