லெட்டியின் கால் அளவு

லெட்டியின் கட்டைகள் நீளமாக இருந்தன.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் நல்ல பூட்ஸ் கடை எதுவானாலும், வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாதத்தைப் போலவே செதுக்கிய ஒரு ஜோடி மரக்கட்டை இருக்கும். அதன்மேல்தான் தோலை இழுத்துத் தைப்பார்கள். பிள்ளைகளின் கால் வளர வளரக் கட்டையில் தோல் துண்டுகளை வைத்து ஆணியடித்துக்கொண்டே போவார்கள்.

அப்படியொரு கடை வைத்திருந்த ஹெஸ்டரின் அப்பா செத்துப் பதினெட்டு நாள். உயிரோடிருப்பவர்களின் கட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, செத்தவர்களுடையதை அடுப்பில் போட்டு, திங்கட்கிழமை கடைச் சாவியை ஒப்படைத்துவிட்டு அவள் கணவனிடம் போய்ச் சேர வேண்டும். வயிற்றில் ஏழு மாதம். இந்தக் குழந்தையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. மூத்தவள் லெட்டி ஆறு வருஷத்துக்கு முன், நான்கு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். கையிலிருந்த கட்டையோ ஒன்பது வயதுப் பிள்ளையின் அளவு.

இருபது வருஷமாக அங்கே வேலை பார்த்த ஜேபஸ் தன் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவள் கட்டையைக் காட்டிக் கேட்டதும் முதலில் மழுப்பினார். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வாரமும் அப்பா மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கால் அளவு வரையக் காகிதம் விரிப்பாராம். இறங்கி வந்ததும் கட்டையில் தோல் சேர்ப்பாராம். பூட்ஸ் தைத்துப் பின்வாசலில் வைப்பாராம்.

“யாரு எடுத்துட்டுப் போவா?”

“நான் நின்னு பாக்கலம்மா. காலையில இருக்காது, அவ்வளவுதான். பெரியவருக்குப் பேத்தி ஞாபகம், நாம என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “இந்த வருஷம் அளவெடுக்கறதுக்குள்ள போயிட்டாரு. கிறிஸ்துமஸ் வாரம் வந்தாச்சு, நீயும் சீக்கிரம் கிளம்பிடு.”

அவர் போனதும் ஹெஸ்டருக்கு அப்பாமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவளே மறக்கப் பாடுபடும்போது இவருக்கென்ன விளையாட்டு? இரண்டு கட்டைகளையும் அடுப்பில் எறிந்தாள். மதியம் மூன்று மணிக்கே ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது. மெழுகும் பசையும் கருகும் தோலும் கலந்த நாற்றம் தொண்டையில் இறங்க, ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தத்துக்கு நடுவே, மாடிப்படியில் வேறொரு சத்தம் கேட்டது.

வெறுங்கால். ஈரமான வெறுங்கால்.

ஒரு படி. நின்றது. அடுத்த படி.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது. பயந்தாள். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

அப்பாவின் முக்காலியில் உட்கார்ந்தாள். காகிதத்தைத் தரையில் விரித்தாள். தலை நிமிரவில்லை.

காகிதம் நசுங்கியது. ஈரம் பரவியது. மண் வாசனை.

பென்சிலை ஓட்டினாள். குதிகால். பக்கம். விரல்கள்.

“அடுத்த கால் குடும்மா,” என்றாள்.

ஐஸ் போன்ற பாதம் அவள் மடியில் ஏறியது. மெல்ல நகர்ந்து வயிற்றில் ஊன்றியது. அழுத்தியது.

காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த குழந்தை அடங்கிவிட்டது.